மணக்காத தாழை

மருதமுனையில் எங்கள் உறவுக்கார ராத்தா ஒருவரின் வளவில், கடற்கரைப் பக்க எல்லையோரம் ஒரு தாழை நிற்கிறது. ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, அடியில் பத்துப் பன்னிரண்டு ஊன்றுவேர்களை மண்ணில் இறக்கி, பக்கத்துக் கம்பி வேலியையே விழுங்கத் தொடங்கிவிட்ட தாழை. போன மாரிக்கு முன் நான் அங்கே போனபோது ராத்தா அதைக் காட்டி முறையிட்டார்.

"எட்டு வருசமாத் தண்ணி ஊத்துறன் தம்பி. ஒரு நாளைக்கு ஒரு பூ மணந்ததில்ல. மண்ணுல ஏதும் கொற இரிக்கா?"

மண்ணில் குறையில்லை. இலைக்கொத்தின் நடுவே, அன்னாசிப் பழத்தை உருட்டி வைத்தாற்போல ஒரு பச்சைக் காய் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் காய் சிதறிய துண்டுகள் கீழே மணலில் கிடந்தன. அந்தத் தாழை பூத்துக் காய்த்துக்கொண்டுதான் இருந்தது. அது பெண் தாழை. மணக்கும் மடல் ஆண் தாழைக்கே உரியது.

தாழையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள் என்பதை ராத்தாவிடம் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் அந்தக் காயையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப ஆம்புளத் தாழைய நான் எங்க போய்த் தேடுற?" என்று கேட்டார். இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கான பதில்தான். ஆனால் தாழையைத் தேடுவதற்கு முன், அது நிற்கப் போகும் மண்ணைப் பார்க்க வேண்டும்.

கல்முனைக் கரையில் கிழக்கிலிருந்து மேற்கே நடந்தால் முதலில் கடல், பிறகு மணல், பிறகு நெருக்கமான வீடுகள், பிரதான வீதி, மீண்டும் வீடுகள். அதற்கு அப்பால் நிலம் தாழ்ந்து வயல் வட்டைகளும் சதுப்பும் விரிகின்றன. கிட்டங்கிப் பாலத்தடியில் மாரி காலத்தில் வெள்ளம் வீதியின் மேலால் பாய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தாழ்வு எவ்வளவு என்று தெரியும். ஒரு பக்கம் உப்புக் கடலும் மறுபக்கம் நன்னீர்ச் சதுப்பும் இருக்க, நடுவே நிற்கும் மணல் முதுகின் மேல்தான் நாம் ஊர்களைக் கட்டியிருக்கிறோம். மருதமுனை, சாய்ந்தமருது என்ற பெயர்களிலேயே மருத மரம் இருக்கிறது. நீரோரத்தை விரும்பும் மரம் அது. இங்கிருந்து வடக்கே, ஆரையம்பதிக்கு அருகில் தாழங்குடா இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் முதலில் பார்த்தது நிலத்தின் ஈரத்தையும் அந்த ஈரத்தில் நின்ற மரங்களையுந்தான்.

இந்த மணலுக்குள் இருக்கும் நீரின் கணக்கு விசித்திரமானது. மழைநீர் மணலில் இறங்கி, கடலிலிருந்து ஊடுருவும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிடச் சற்று இலேசானது. வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரைப் பங்களவுதான். அந்தச் சிறிய வித்தியாசத்தால், கோட்பாட்டுக் கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் தாங்கி நிற்கும். மேலே உள்ள ஓர் அடியை இறைத்துவிட்டால் கீழே நாற்பது அடியும் மெல்ல மெல்ல உப்பாகும். கடலோரக் கிணற்றில் இயந்திரம் வைத்து இறைக்கும்போது உப்புக் கரிப்பது இதனால்தான்.

ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை பெய்யும் மாரியில் இந்த நன்னீர் மேலே ஏறி, தாழ்ந்த வளவுகளில் முற்றத்துக்கே வந்துவிடும். கிணற்றில் குனிந்து கையால் அள்ளலாம். பிறகு கச்சான் வீசும் மாதங்களில் மேல் மணல் சுட்டு, புல்லும் கருகும். நான்கு மாதம் நனைந்தும், மிச்ச மாதம் காய்ந்தும், எப்போதும் உப்புக் காற்றுப் பட்டும் கிடக்கும் வளவில் என்ன வைப்பது? ரோசாவும் மல்லிகையும் வைத்து அழுகக் கொடுத்தவர்கள் நம்மில் அதிகம். அவற்றின் வேர் மாரியில் மூச்சு முட்டிச் சாகிறது. நீர் தேங்கிய மண்ணில் மணல் துகள்களுக்கிடையில் இருந்த காற்று வெளியேறிவிடுகிறது. வேருக்கும் ஒட்சிசன் வேண்டும்.

தாழை இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாள்கிறது. அதன் வேர்களில் ஒரு பகுதி மண்ணுக்கு மேலே, காற்றிலேயே தொடங்குகிறது.

தென்னை, பனை, புல் போலத் தாழையும் ஒருவித்திலைத் தாவரம். மாமரத்தின் அடிமரம் ஆண்டுதோறும் வளையம் வளையமாகப் பருப்பது போல இதனால் பருக்க முடியாது. தண்டு மேலே கிளைத்து, ஒவ்வொரு கிளை நுனியிலும் கனத்த இலைக்கொத்தைச் சுமக்கிறது. அடியோ மெல்லியதாகவே இருக்கிறது. இந்த உடலை இளகிய மணலில் கடற்காற்றுக்கு எதிரே நிறுத்துவது எப்படி? தண்டின் பக்கங்களிலிருந்து வேர் முளைத்து, சாய்வாகக் கீழிறங்கி, மண்ணைத் தொட்டதும் கிளைத்து ஊன்றிக்கொள்கிறது. பந்தலுக்குக் கால் நடுவது போல, எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஒரு கால் இறங்குகிறது. மண்ணைத் தொடாத வேரின் நுனியைப் பார்த்தால், விரலுக்குத் தொப்பி போட்டது போல அடுக்கடுக்கான வேர்மூடி ஒன்று தெரியும். உள்ளே இருக்கும் மென்மையான வளர்நுனி காற்றிலும் வெயிலிலும் காயாமல் அதுதான் காக்கிறது.

இலைகளும் வீணாக நிற்கவில்லை. மூன்று வரிசையாக, தண்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறுகின்றன; ஆங்கிலத்தில் இதைத் திருகாணியோடு ஒப்பிட்டுப் பெயர் வைத்தது இந்த முறுக்கால்தான். ஒவ்வோர் இலையும் நடுவே மடிந்த பீலி. அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லோர்ட் ஹவ் என்ற சிறு தீவில் வளரும் தாழை இனம் ஒன்றை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த கட்டுரை, அதன் இலைகளும் தண்டும் மழைநீரைப் பீலி பீலியாகக் கடத்தி, இன்னும் மண்ணைத் தொடாத ஊன்றுவேரின் நுனிக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதைக் காட்டியது. நம் கரைத் தாழையில் மாரி மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். இலைப்பீலி வழியே ஓடும் நீர் எங்கே போய்ச் சொட்டுகிறது என்று தொடர்ந்து பார்ப்பது ஒரு பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய மிக நல்ல அறிவியல் பாடம்.

இனி பூ. தாழம்பூ என்று நாம் சொல்லி, பெண்கள் சடையில் வைத்துத் தைத்து, சாரிப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் அந்த வெளிர்மஞ்சள் மடல் உண்மையில் இதழ் இல்லை. தாழைப் பூவுக்குப் புல்லியும் இல்லை, அல்லியும் இல்லை. மடல் என்பது பூங்கொத்தைப் போர்த்தியிருக்கும் உருமாறிய இலை. அதற்குள்ளே சோளக் கதிர் போலத் தொங்குகிற கொத்துகளில் நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள்கள் இருக்கின்றன. பெண் மரத்திலோ மடல்கள் சிறுத்து, நடுவே சூலகங்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரு பந்தாகத் திரள்கின்றன. அதுதான் பழுத்துச் செம்மஞ்சளாகி, துண்டு துண்டாகக் கழன்று விழுகிறது. ஒவ்வொரு துண்டும் நார் நிறைந்தது, தண்ணீரில் மிதக்கும். கடல் அதை எடுத்துப்போய் வேறொரு கரையில் போடும். தெற்காசியாவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை கரையெங்கும் தாழைக் குடும்பம் பரவிக் கிடப்பதற்கு இந்த மிதப்புப் பெரிய காரணம்.

மணத்தின் வேதியியல் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. ஆண் மடலிலிருந்து வடிக்கும் எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பொருள்: பினைல்எதில் மெதில் ஈதர். கலியாண வீட்டில் தெளிக்கும் பன்னீரின், அதாவது ரோசா நீரின், முக்கிய மணப்பொருள் பினைல்எதில் அற்ககோல். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. அற்ககோலின் நுனியில் இருக்கும் ஒரு ஐதரசன் அணுவை எடுத்துவிட்டு அங்கே ஒரு மெதில் கூட்டத்தை வைத்தால் ரோசா தாழையாகிவிடும். இந்தியாவில் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் வயல் வரப்புகளிலும் நீரோரங்களிலும் வேலியாக வைத்த ஆண் தாழைகளிலிருந்துதான் கேவ்டா நீரும் அத்தரும் வடிக்கப்படுகின்றன. பூவை விடியற்காலையிலேயே பறித்துவிடுகிறார்கள், மணம் நிற்பதில்லை என்பதால். செப்புப் பாத்திரங்களில் வடித்து, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கினால் கேவ்டா அத்தர். வட இந்தியப் பிரியாணியில் கடைசியில் தெளிப்பது கேவ்டா நீர். ஜும்ஆவுக்குப் போகுமுன் அத்தர் பூசுகிற நம் ஊர்களில், அந்தக் குப்பிகளில் ஒன்றில் இருப்பது தங்கள் வேலியில் நிற்கும் முள்மரத்தின் மணம் என்று பலருக்குத் தெரியாது.

இந்த மரத்தின் அறிவியல் பெயருக்கு ஒரு அரபுப் பயணத்தின் கதை உண்டு. சுவீடன் அறிஞர் லின்னேயசின் மாணவர் பேத்தர் போர்ஸ்கால், டென்மார்க் அரசர் அனுப்பிய குழுவோடு யெமனுக்குப் போய், 1763இல் அங்கேயே மலேரியாவில் இறந்தார். அவருடைய குறிப்புகளைக் கூட வந்த கார்ஸ்டன் நீபூர் 1775இல் அச்சிட்டார். நறுமணம் உடையது என்ற பொருளில் போர்ஸ்கால் கொடுத்த அடைமொழிதான் இன்றும் பண்டானஸ் ஓடோரிபர் என்ற பெயரில் நிற்கிறது. அரபியில் இது காதி. சவூதியின் தென்மேற்கில் ஜிசான் பகுதியிலும் யெமனிலும் காதி மடலைப் பெண்கள் தலையில் சூடுகிறார்கள். சவூதிக்குத் தொழிலுக்குப் போய் வந்த நம் ஊர்க்காரர்களில் ஜிசானில் இருந்தவர்களைக் கேளுங்கள், சந்தையில் பார்த்திருப்பார்கள்.

நம் மொழியிலும் இதற்குப் பெயர்கள் பழையவை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் தாழையும் வருகிறது, கைதையும் தனியே வருகிறது. மலையாளத்தில் இன்றும் கைத. சிங்களத்தில் வெட்டகெய்யா, வெட்ட என்றால் வேலி. ஈர வலயத்தின் ஓடைக்கரைகளில் வளர்ந்து, சிங்களக் கிராமங்களில் பாய்க்கு உதவும் துனுகெய்யா இலங்கைக்கே உரிய வேறோர் இனம். நம் பக்கத்தில் பாய்க்குப் பன் இருந்ததால் தாழை வேலியாகவே நின்றுவிட்டது.

குடும்பத்தில் இன்னொருவரையும் சொல்லாமல் விடக்கூடாது. கிணற்றடியில், கழுவுநீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் ரம்பை. தாழையும் ரம்பையும் ஒரே பேரினம். ஆனால் ரம்பையின் மணம் வேறு: இலையில் உள்ள அசற்றைல் பிரோலின் என்ற பொருள், பாசுமதிச் சோற்றின் மணமும் அதுவே. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலாளர் ரொன் பட்டரியும் குழுவினரும் சோற்றிலும் ரம்பையிலும் இதை இனங்கண்டார்கள். ஆயிரம் கோடிப் பங்கு நீரில் ஒரு பங்கு இருந்தாலே நம் மூக்கு இதைப் பிடித்துவிடும். ரம்பையை இன்றுவரை காட்டில் யாரும் கண்டதில்லை. பூப்பது மிக அரிது, விதை கட்டுவதே இல்லை. மனிதர் கை ஒடித்து நட்டதால் மட்டுமே உயிரோடிருக்கும் செடி அது. கிழக்கில் வீடு மகளுக்குப் போகும், குடியும் தாய்வழியே வரும். என் மூத்தம்மா வீட்டு ரம்பைக் கன்று என் உம்மா வளவுக்கு வந்து, அங்கிருந்து தங்கச்சியின் சீதன வீட்டுக்குப் போனது. மூன்று வளவிலும் நிற்பது மரபணுவில் ஒரே செடி.

ராத்தாவின் சிக்கலுக்கு வேரும் இங்கேதான். தாழை விதையிலும் முளைக்கும், ஆனால் நாம் நடுவது பெரும்பாலும் பக்கக் கன்று. தாய் மரம் ஆணென்றால் கன்றும் ஆண், பெண்ணென்றால் பெண். ஒரு தெருவின் வேலி முழுவதும் ஒரே மரத்தின் கன்றுகளாக இருக்கலாம். ராத்தாவுக்குக் கன்று கொடுத்தவர் வீட்டிலும் காய் தொங்கியிருக்கும், யாரும் கேட்கவில்லை. பூக்காத இளம் தாழையைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. ஆகவே விதையிலிருந்தும் வேண்டாம், பூக்காத மரத்திலிருந்தும் வேண்டாம். மடல் விரிந்து மணப்பதை நீங்களே முகர்ந்த மரத்திலிருந்து எடுங்கள்.

எடுக்கும் முறை இது. கிளையடியிலோ தண்டடியிலோ முளைத்து, முழங்கை நீளம் வந்த பக்கக் கன்றைத் தேடுங்கள். அடியில் மொட்டு மொட்டாக வேர்முளைகள் தெரிந்தால் அதுவே தேர்ந்த கன்று. கூரிய கத்தியால் ஒரே வெட்டில் எடுத்து, இலைகளைப் பாதியாக நறுக்கிவிடுங்கள். வேர் இல்லாத கன்று முழு இலையையும் சுமந்தால் நீரை இழந்து வாடும். இரண்டு நாள் நிழலில் கிடத்தி வெட்டுவாய் காய்ந்த பிறகு நடலாம். கையுறை போடாமல் இறங்காதீர்கள். இலையின் இரு ஓரத்திலும், அடிப்பக்க நடுநரம்பிலும் முள் இருக்கிறது. அந்த முட்கள் வளைந்திருப்பதால் கையை இழுக்க இழுக்கக் கிழிக்கும்.

நடுவதற்கு ஒக்டோபர் முதல் மழை நல்லது. ஆனால் ஈரம் பிடிக்கும் மரம் என்பதற்காக, மாரியில் தண்ணீர் தேங்கி நிற்கும் குழியில் கன்றை வைக்காதீர்கள். இதில்தான் பலர் தவறுகிறார்கள். வளர்ந்த தாழைக்குக் காலடியில் வெள்ளம் நின்றால் பாதகமில்லை, ஊன்றுவேரின் மேற்பகுதி காற்றில் இருக்கிறது. கன்றுக்கு இன்னும் அந்தக் கால்கள் முளைக்கவில்லை. தாழ்ந்த இடமென்றால் முழங்கால் உயரத்துக்கு மணல்மேடு கட்டி, மாட்டெருவும் மக்கிய சருகும் கலந்து, மேட்டின் மேல் வையுங்கள். வேர் தானாகவே ஈரத்தைத் தேடிக் கீழே போகும். முதல் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், உமியோ தென்னோலையோ கொண்டு மணலை மூட வேண்டும். இரண்டாவது ஆண்டிலிருந்து அது உங்களைக் கேட்காது. மூன்று நான்கு ஆண்டில் பூக்கத் தொடங்கும்.

வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, எல்லையில் வையுங்கள். இடத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இலைக்கக்கங்களில் மழைநீர் தேங்கும். அதில் டெங்கைப் பரப்பும் நுளம்பு வகை முட்டையிடும். நம் ஊர்களில் டெங்கு எவ்வளவு பெரிய துன்பம் என்பது வீட்டுக்கு வீடு தெரியும். காய்ந்த இலைகளை அவ்வப்போது கழித்து, மழை விட்ட நாட்களில் இலைக்கொத்தைக் கழியால் ஆட்டி நீரைக் கொட்டுங்கள். பட்டு அழுகும் தண்டையும் அப்படியே விடக்கூடாது. தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு தாழையிலும் வரும், அழுகிய தண்டில் பெருகும். தாழையில் பாம்பு குடியிருக்கும் என்பார்கள். மணத்துக்காக வருவதில்லை. அடர்ந்த முள்ளடியில் தவளையும் எலியும் ஒதுங்குகின்றன, அவற்றைத் தேடிப் பாம்பு வருகிறது. அடியைச் சுத்தமாக வைத்தால் அதற்கு அங்கே வேலையில்லை.

ஊன்றுவேர்களை வெட்டாதீர்கள். அழகுக்காக அவற்றைச் சீவிவிட்ட மரம் ஒன்று வாடைக் காற்றில் முழுதாகச் சரிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வேர்களைப் பற்றி எழுதும்போது 2004 டிசெம்பர் 26இன் சுனாமியைத் தாண்டிப் போக முடியாது. இலங்கையில் மிக அதிகமானோரை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் காரைதீவிலும் கடற்கரை வீடுகளின் அத்திவாரங்கள் மட்டும் மிஞ்சின. கிணறுகள் உப்பாகி, மழை பல கண்ட பிறகே மெல்லத் தேறின. அடுத்த ஆண்டுகளில் ஜப்பானின் சைதாமா பல்கலைக்கழகத்து நொரியோ தனாகாவும், பேராதனைப் பல்கலைக்கழக அறிஞர்கள் உட்பட்ட அவருடைய குழுவும் இலங்கை, தாய்லாந்துக் கரைகளில் எந்த மரம் நின்றது, எது விழுந்தது என்று அளந்தார்கள். 2007இல் வெளியான அவர்களின் ஆய்வு, கரை மணலில் வளரும் மரங்களில் தாழை அலையின் வேகத்தைக் குறைப்பதில் தனிச் சிறப்புடையது என்றது. காரணம் ஊன்றுவேர்ப் பின்னல். தென்னையின் அடி வழவழப்பான ஒற்றைத் தூண். நீர் அதைச் சுற்றி ஓடிவிடும். தாழையின் அடியில் நீர் நூறு இடங்களில் முட்டித் திரும்ப வேண்டும். அடியில் தாழையும் மேலே சவுக்கும் என்று இரண்டு அடுக்காக வைத்தால் நல்லது என்றும் அவர்கள் சொன்னார்கள்.

இதை மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு மனமில்லை. அன்று வந்த உயரத்தில் அலை வந்தால் ஒரு வரிசைத் தாழை எந்த வீட்டையும் காக்காது; தாழையும் முறியும். வேலியில் வழிக்காக விட்ட இடைவெளியில் நீர் குவிந்து இன்னும் வேகமாகப் பாயும் என்பதும் அளந்து கண்ட உண்மை. ஆனால் ஆண்டுதோறும் மாரிக் கடல் மணலைக் கரைத்துப் போவது வேறு விஷயம். ஒலுவில் துறைமுகம் வந்த பின் ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை அரிபட்டுத் தென்னைகள் கடலுக்குள் சாய்ந்ததைப் பார்க்கிறோம். துறைமுகச் சுவர் ஏற்படுத்தும் அரிப்பைச் செடி தடுத்துவிடாது. காற்று அள்ளும் மணலையும் சாதாரண மாரி அலை இழுக்கும் மணலையும் பிடித்து வைக்கும் வேலைக்கு, கடற்கரை அடம்புக்கொடியும் அதன் பின்னே தாழையும் போதும். அதனால்தான் ராத்தாவிடம் பெண் தாழையை வெட்ட வேண்டாம் என்று கெஞ்சினேன். அது எட்டு வருடமாக அந்த எல்லையில் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஆண் கன்றை ஒக்டோபரில் தாழங்குடாப் பக்கம் ஒரு வீட்டு வேலியிலிருந்து கேட்டு வாங்கினேன். அந்த வேலிக்கு அருகே போகுமுன்பே மணம் வந்துவிட்டது. நான்கு கன்று எடுத்தோம். இரண்டு மாரியில் அழுகின. மேடு போதாமல் போயிற்று, என் தவறு. மற்ற இரண்டும் பெண் தாழைக்குப் பக்கத்தில், உயர்த்திய மணலில் பிடித்துக்கொண்டன. போன மாதம் போனபோது ஒன்றில் சுண்டுவிரல் தடிப்பில் ஒரு வேர் தண்டிலிருந்து வெளியே வந்து, இன்னும் மண்ணைத் தொடாமல் தொப்பியோடு நின்றது. ராத்தா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பூவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இதுல கன்னு வந்தா ஒண்டு என்ட மகள்ட வளவுக்கு எடுத்து வைங்க," என்றார்.